மூன்று எல்க்கும் ஒரு மக்னமும்

1. முதல் நாள்

லண்டன் வெஸ்ட் எண்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, முதலாளி ஹார்கிரீவ் ஒரு ரைபிளை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பயப்படாதே குணா, உள்ளே ஒன்றும் இல்லை" என்றார்.

எனக்குப் பயம் இல்லை, பழக்கம். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர்தான் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை என்று அரை நாளாகச் சொல்லியிருந்தேன். அது உண்மை. உண்மை என்பதாலோ என்னவோ, அதிகாரிக்கு அதை நம்புவது கஷ்டமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியோடு நின்ற எல்லாத் தரப்பிடமிருந்தும் தப்பி, கடல் தாண்டி வந்து, பிரிட்டிஷ் அரசாங்கம் ஒருவழியாக என்னை நம்பி விசா தந்த பிறகு, நான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டது லண்டனில். அதுவும் சம்பளத்தோடு.

நேர்முகத்தில் ஹார்கிரீவ் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இலங்கையா? அப்படியானால் இதெல்லாம் உனக்குப் புதிதாக இருக்காது, இல்லையா?" நான் மறுத்தேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஸ்டொக் பார்க்கிற ஆளாக உள்ளே போன நான், சில வருடங்களில் கவுண்டருக்கு வந்துவிட்டேன். கேட்லாக், கையேடு, வாடிக்கையாளர் சொல்லும் பொய் ஆகிய மூன்றிலிருந்தும் தொழிலைப் பழகினேன். குழல் துடைத்தேன், ஸ்கோப் பூட்டினேன், தோட்டாப் பெட்டி அடுக்கினேன். சுட்டதில்லை. சுட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை. என் முகத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொண்டார்கள்.

2. எந்த எல்க்?

வங்கிகள் எல்லாம் விழுவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. வங்கிக்காரர்கள் அப்போது விழக்கூடியவர்கள் போலத் தெரியவில்லை. வாரக் கடைசியில் எங்கள் கடைக்குக் கூட்டமாக வருவார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை ரகுராமன் வந்தார். சென்னைக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். கனரி வோர்ஃபில் ஒரு பெரிய வங்கியில் வேலை. கூடவே மனைவி நந்தினி. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர்.

"எல்க் வேட்டைக்கு ஒரு ரைபிள் வேண்டும்" என்று ரகுராமன் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹார்கிரீவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் உடனே சுவீடனுக்குப் போய்விட்டார். பைன் காடு, அதிகாலைப் பனி, அகப்பை போலக் கொம்பு விரிந்த பெரிய மிருகம், மரங்களுக்கு நடுவே நாற்பது கஜ தூரத்தில் திடீரென்று வந்து நிற்பது என்று வர்ணித்துக்கொண்டே போனார். ரகுராமன் தலையாட்டினார். மீட்டிங்கில் விளங்காத விஷயத்துக்குத் தலையாட்டிப் பழகிய கழுத்து அது.

கடைசியில் நந்தினிதான் கேட்டார். "ஆனால் இவர் கொலராடோவுக்கு அல்லவா போகிறார். அங்கேயும் இந்த மிருகம் இருக்கிறதா?"

ஹார்கிரீவ் நிறுத்தினார். அமெரிக்காவில் எல்க் என்பது வேறு மிருகம். குதிரை அளவில் ஒரு மான். கிளை விட்ட நீண்ட கொம்பு. திறந்த மலைச் சரிவில் தூரத்தில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அதற்கு வபிட்டி என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதை ஏன் பாவிக்கமாட்டார்களோ தெரியவில்லை" என்று அமெரிக்கர்கள் சார்பில் அவர் மனம் வருந்தினார்.

நானோ இவ்வளவு நேரமும் காட்டு மானான மரையை நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத் துரைமார் எங்கள் மரையைக் கண்டதும் அதற்கும் எல்க் என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆக, மூன்று ஆண்கள் மூன்று மிருகங்களை மனதில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரமாக முழு நம்பிக்கையோடு ஒரே விஷயத்தைப் பேசியிருக்கிறோம்.

ஹார்கிரீவ் தேநீர் சொல்ல உள்ளே போனதும் ரகுராமன் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க தமிழா?"

"ஓம். யாழ்ப்பாணம்."

குரலைத் தாழ்த்தினார். "அப்போ உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. நீங்களே சொல்லுங்க, எது வாங்கலாம்?"

விஷயத்தையும் சொன்னார். அவருடைய பிரிவுத் தலைவர் டான் என்ற அமெரிக்கர். ஒவ்வொரு ஒக்டோபரும் தனக்குப் பிடித்த நாலு பேரைக் கொலராடோ மலைக்கு எல்க் வேட்டைக்குக் கூட்டிப்போவார். அடுத்த பதவி யாருக்கு என்பது அலுவலகத்தில் அல்ல, அந்த மலையில்தான் முடிவாகுமாம். இந்த வருடம் ரகுராமனுக்கு அழைப்பு.

"பதினோரு வருஷம் எக்செல் ஷீட் போட்டதை ஒரு மானை வெச்சு முடிவு பண்றாங்க" என்றார் நந்தினி.

3. பெரிசு எது?

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது எங்கள் கடையில் எல்க்குக்குப் பொருந்தக்கூடிய ரைபிள்கள் மூன்று இருந்தன. முதலாவது டூ செவன்டி. மெல்லிய குண்டு, சுட்டால் தோளில் மெல்லிய உதை. ஸ்கொட்லாந்து மானுக்கு எடுத்துப்போவது. நிதானமான ஆள் என்றால் எல்க்குக்கும் போதும். இரண்டாவது தேர்ட்டி ஓ சிக்ஸ். நூறு வருடப் பழசு. எல்லா வேலையும் செய்யும், அதனால் அதைப் பற்றி யாரும் பெருமையடிப்பதில்லை. மூன்றாவது த்ரீ தேர்ட்டி எய்ட் மக்னம். கூடுதல் மருந்து அடைத்த அதன் தோட்டாவைப் பார்த்தாலே மரியாதை வரும். சுட்டால் முன்னால் நிற்கும் மிருகத்துக்கும் பின்னால் நிற்கும் மனிதனுக்கும் அடியை ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும்.

முன்னங்கால் தோளுக்குப் பின்னால், நுரையீரலில் பட்டால் மூன்றில் எதுவும் போதும். வயிற்றில் பட்டால் மூன்றுமே போதாது. இதுதான் முழுச் சாத்திரமும். மிச்சம் எல்லாம் கேட்லாக் அச்சடிப்பவர்கள் பிழைக்கிற வழி.

எங்களிடம் இருந்த மக்னத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை ஓடர் செய்தவர், அது வந்து சேருவதற்குள் குடியை விட்டார். அதோடு வேட்டையையும் விட்டுவிட்டார். ரைபிள் எங்களோடு தங்கிவிட்டது. அதை யாராவது கூட்டிப்போனால் ஹார்கிரீவ் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவார் என்ற நிலை.

"இதுல பெருசு எது?" என்று ரகுராமன் கேட்டார்.

"பெரிசு அதுதான். ஆனால் தேர்ட்டி ஓ சிக்ஸ்..."

"டான் த்ரீ ஹண்ட்ரட் மக்னம் வெச்சிருக்கார்."

இந்த ஒரு சொல் மட்டும் ஹார்கிரீவுக்கு விளங்கிவிட்டது. "இது அதைவிடப் பெரியது" என்று தேநீர்த் தட்டோடு உதவிக்கு வந்தார்.

இந்த நாட்டில் போலீஸ் சர்டிபிகேட் இல்லாமல் ரைபிளைப் பார்க்கலாம், வாங்க முடியாது. எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பிக்க முன்னரே தெரிவு முடிந்திருக்க வேண்டும். ரகுராமன் பேனையை எடுத்துவிட்டார். நந்தினி அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டார்.

"சுட்டுப் பாக்காம எதுக்கு எழுதணும்? ஷூ வாங்கினாக்கூடப் போட்டு நடந்து பாக்கறோம்."

4. தலை ஆட்டிய ரைபிள்

சர்ரேயில் ஒரு ரைபிள் கிளப்பில் விருந்தினர் நாள் ஒன்று வந்தது. ஹார்கிரீவ் இரண்டு ரைபிள்களோடு என்னை அனுப்பினார். போகும்போது, "மக்னத்தை முதலில் கொடு. ஆளுக்குக் களைப்பு வர முன்னம்" என்று தொழில் ரகசியமும் சொல்லித் தந்தார்.

அங்கே பயிற்சி கொடுத்தவர் மார்கரெட். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார் போலிருந்தது.

ரகுராமன் முதல் தோட்டாவைச் சுட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. தோட்டா குறிக் கடதாசியின் வட்டத்துக்கு நடுவே போய்ப் பட்டது. அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதவி உயர்வே கிடைத்துவிட்டிருந்தது.

இரண்டாவது தோட்டா கடதாசியின் ஓரத்தில் பட்டது. மூன்றாவது கடதாசியில் இல்லை. நாலாவது எங்கே போனது என்று சர்ரே மாவட்டத்துக்குத்தான் தெரியும்.

"ரைபிள்ல ஏதோ ப்ராப்ளம்" என்றார் ரகுராமன், தோளைத் தேய்த்துக்கொண்டே.

மார்கரெட் பதில் சொல்லாமல் ரைபிளை வாங்கி, திரும்பி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தார். ரகுராமன் குறி பார்த்தார். விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே மார்கரெட் போட்டிருந்தது மருந்தில்லாத டம்மித் தோட்டா. ரைபிள் வெடிக்கவில்லை, ஆனால் ரகுராமன் வெடித்துவிட்டார். கண் இறுக மூடி, தோள் பின்வாங்கி, குழல் ஒரு சாண் கீழே போய் வந்தது. பெரிய மனிதருக்கு முன்னால் தலையாட்டுகிறவரைப் போல ரைபிளே ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது.

"ரைபிளில் பிரச்சினை இல்லை" என்றார் மார்கரெட். "உதை வரப்போகிறது என்று உடம்பு முந்திக்கொள்கிறது. நீங்கள் சுடுவதற்கு முன்னரே ஓடிவிடுகிறீர்கள்."

ரகுராமன் முகம் சிவந்து எழுந்தார். "சரி. சார் சுட்டுக் காட்டட்டும். அப்ப ரைபிள் நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிடும்." என்னைத்தான் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மார்கரெட்கூட முதன்முறையாக ஆர்வத்தோடு பார்த்தார்.

"நான் சுட்டதில்லை" என்றேன்.

"இந்த ரைபிள்லயா?"

"எந்த ரைபிளிலையும்."

ரகுராமன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கேட்டார், "அப்ப இத்தனை நாளா எத வெச்சு எனக்கு அட்வைஸ் பண்ணீங்க?"

"கேட்லாக்கை வைச்சுத்தான்."

நந்தினி சிரித்த சிரிப்பில் பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்தவர் குறி தவறினார். சிரித்து முடித்ததும் தேர்ட்டி ஓ சிக்ஸைக் கேட்டு வாங்கினார். குப்புறப் படுத்தார். ஐந்து தோட்டாக்கள், அவசரம் இல்லாமல். கடதாசியைக் கொண்டுவந்து பார்த்தபோது ஐந்து துளையையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம் போலிருந்தது.

"மூச்சு விட்டு முடிஞ்சதும் ஒரு சின்ன கேப் வரும்ல, அங்க இழுத்தேன். தினமும் அடுத்தவங்க மூச்சைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவ நான்" என்றார்.

ரகுராமனும் அதே ரைபிளில் சுட்டார். மனைவி அளவுக்கு இல்லை. ஆனால் எல்லாம் கடதாசியில் இருந்தன.

5. தமிழில் ஒரு வியாபாரம்

அடுத்த வாரம் அவர் தனியாகக் கடைக்கு வந்தார். "மக்னமே போடுங்க" என்றார்.

"அன்றைக்கு ரேஞ்சிலை பார்த்தனீங்கள்தானே?"

"பாத்தேன். ஆனா சார், அங்க எல்லாரும் ரைபிளை வரிசையா சாய்ச்சு வெப்பாங்களாம். முதல் நாள் சாயங்காலமே யார் என்ன கொண்டு வந்தாங்கன்னு பாப்பாங்க. நான் தாத்தா காலத்து தோட்டாவோட போய் நிக்க முடியாது. சுடறது ஒரு தடவதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு சுட்டுடுவேன்."

ஹார்கிரீவ் இரண்டடி தள்ளி நின்று, மக்னத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தமிழ் விளங்காவிட்டாலும் வியாபாரம் நடக்கும் வாசனை அவருக்கு விளங்கும். என்னைப் பார்த்து ஊக்கமாகத் தலையசைத்தார்.

அந்த ரைபிள் போனால் எனக்கு நல்ல பெயர். போகாவிட்டால் என்ன பெயர் என்றும் எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் 'பல்லைக் கடிச்சுக்கிட்டு' என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய்ப் பட்டது.

"ஒரு விஷயம் சொல்லுறன், கேளுங்கோ" என்றேன். "எங்கட வீட்டுக்கு எதிரிலை ஒரு வெறும் காணி. ஒருநாள் விடிய ஷெல் அடிச்சவங்கள். அங்கை மேய்ஞ்சுகொண்டு நிண்ட மாட்டுக்கு வயித்திலை ஷெல் துண்டு பட்டிட்டுது. சாகேல்லை. சந்தியிலை ஆமிக்காரர் நிண்டதாலை ஒருத்தரும் வெளியிலை போக ஏலாது. பின்னேரம் வரைக்கும் அது கத்தினது. நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு வீட்டுக்குள்ளை இருந்து கேட்டுக்கொண்டிருந்தம். என்ரை மகள் அப்ப சின்னப் பிள்ளை. அம்மாவைக் கூப்பிடுதோ எண்டு கேட்டவள்."

ரகுராமன் கவுண்டரில் வைத்திருந்த கையை எடுத்தார்.

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் அந்த எல்க்கும் உடனை சாகாது. நடந்து போகும். நீங்கள் பிளேன் ஏறி வந்திடுவீங்கள். எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. பிழையாய்ச் சுட்டால் பிறகு என்ன நடக்கும் எண்டு தெரியும்."

ஹார்கிரீவ் புன்னகையோடு என்னைப் பார்த்தார். நான் வாங்குகிறவரைக் கரைய வைக்கிறேன் என்று நினைத்துப் பூரித்துப்போய் நின்றார். அதில் பிழை இல்லை.

ரகுராமன் மக்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "தேர்ட்டி ஓ சிக்ஸைப் பாத்தா டான் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அவர் பேனையை எடுத்து விண்ணப்பத்தில் தேர்ட்டி ஓ சிக்ஸ் என்று எழுதினார். ஹார்கிரீவ் எட்டிப் பார்த்தார். மக்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துணி பாதியில் நின்றது.

"அந்த ஆளுக்கு நீ என்ன சொன்னாய்?" என்று பிறகு கேட்டார்.

"எல்க்கைப் பற்றிச் சொன்னேன், சேர்."

"எந்த எல்க்?" என்றார் மிகவும் கசப்போடு. அடுத்த மூன்று மாதமும் என்னை ஸ்டொக் அறைக்கு அனுப்பிவிட்டார். கவுண்டருக்கு என் நாவன்மை தேவைக்கு அதிகமாம்.

6. இரண்டாவது தோட்டா

நவம்பரில் ரகுராமனும் நந்தினியும் கடைக்கு வந்தார்கள். ரகுராமன் மெலிந்திருந்தார். ஹார்கிரீவ் எனக்கு அரை மணி நேரம் தேநீர் ஓய்வு தந்தார். நடந்தது என்ன என்று அறிய அவருக்கும் ஆசை. பக்கத்துக் கஃபேயில் உட்கார்ந்து ரகுராமன் சொன்ன கதை இது.

டான் சிரிக்கத்தான் செய்தார். முதல் நாள் மாலை ரைபிள்களை வரிசையில் சாய்த்தபோது, "உன் தாத்தாவும் வருகிறாரா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். பதவி அவர் கையில் இருந்ததால் அது மிகவும் நல்ல நகைச்சுவை.

இரண்டாம் நாள் காலை பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் எல்க் நின்றது. தூரம் அதிகம், இன்னும் கிட்டப் போகலாம் என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னான். டான் தன் மக்னத்தை நம்பினார். சுட்டார். எல்க் முதுகு வளைந்து, மெதுவாக மரங்களுக்குள் போய்விட்டது. வழிகாட்டி பைனாகுலரை இறக்கி, "வயிறு" என்று ஒரு சொல் மட்டும் சொன்னான்.

ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். பனி, ஏற்றம், மூச்சு முட்டும் காற்று. மதியம் ஆனதும் டானுக்கு முழங்கால் வலி வந்தது. "அது தானாகவே செத்துவிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார். மற்றவர்களுக்கும் உடனே பசி வந்தது. வழிகாட்டி மட்டும் நகரவில்லை.

"நானும் அவங்கூடப் போயிட்டேன் சார்" என்றார் ரகுராமன். "வீரம்லாம் இல்ல. நீங்க சொன்ன மாடு காதுல கேட்டுட்டே இருந்துச்சு."

மாலையாகும்போது கண்டுபிடித்தார்கள். மரத்தடியில் படுத்திருந்த எல்க் இவர்களைக் கண்டதும் தலையைத் தூக்கியது. வழிகாட்டியிடம் சுடுவதற்கு லைசன்ஸ் இல்லை. ரகுராமனிடம் இருந்த லைசன்ஸ் ஒரே ஒரு எல்க்குக்கு. இதைச் சுட்டால் அவருடைய வேட்டை முடிந்தது; சட்டப்படி மிருகமும் கொம்பும் அவருடையவை ஆகிவிடும். டானின் கொம்பு.

"யோசிச்சீங்களோ?" என்று கேட்டேன்.

"யோசிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். டானோட மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. அப்புறம் அது எந்திரிக்கப் பாத்துச்சு. முன்னங்கால் மடங்கி மறுபடி விழுந்துச்சு. அதுக்கப்புறம் யோசிக்கல."

முதல் தோட்டா தவறிவிட்டது. பழையபடி கண் மூடியதில் பக்கத்து மரத்தில் பட்டது. எல்க் எப்படியோ எழுந்து நின்றுவிட்டது. இன்னும் ஒரு கணத்தில் மரங்களுக்குள் மறைந்திருக்கும். இருட்டுவதற்குள் மறுபடி கண்டுபிடித்திருக்க முடியாது.

"ரெண்டாவது தோட்டாவ போட்டேன். தோள் வலிக்கல. அது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இவ சொன்னாளே, மூச்சு விட்டு முடிஞ்சதும் ஒரு கேப்புன்னு. காத்திருந்தேன். கண்ணத் திறந்து வெச்சிருந்தேன் சார். அது விழறத முழுசாப் பாத்தேன்."

நந்தினி அவருடைய கோப்பையை நகர்த்திவைத்தார்.

டான் அவரை மன்னிக்கவில்லை. வாடிக்கையாளர் பணத்தில் கோடிக்கணக்கில் தொலைத்தவர்களை மன்னித்த வங்கி அது. கொம்பை மன்னிக்க முடியவில்லை. கொம்பை அவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்று ரகுராமன் சொன்னாராம். அது இன்னும் பெரிய அவமானமாகப் போயிற்று. அந்தப் பதவி, கூடாரத்துக்கு டானின் பையைத் தூக்கிப்போனவருக்குக் கிடைத்தது. சில வருடங்களில் வங்கி விழுந்தபோது டான், பை தூக்கியவர், ரகுராமன் மூவருமே ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனார்கள். ஆக, மலையில் எடுத்த அந்தப் பெரிய முடிவு அவ்வளவு காலம்தான் நிலைத்தது.

அன்று ரகுராமன் ரைபிளை விற்பதற்காகத்தான் கொண்டுவந்திருந்தார். இனி எதையும் சுடுவதாக இல்லை என்றார். நாங்கள் கடைக்குத் திரும்பி, ஹார்கிரீவ் கவுண்டரில் அதைக் கையில் எடுத்ததும் நந்தினி ஆங்கிலத்தில் கேட்டார், "இதை என் பெயருக்கு மாற்ற முடியுமா? நான் அந்தக் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். கடதாசியை மட்டும்தான் சுடுவேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு ஒரு வாரம் இருந்த பிறகு எனக்கு அது தேவைப்படுகிறது."

ரகுராமன் என்னைப் பார்த்தார். இந்தச் செய்தி அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

ஓய்வு பெறும்வரை அந்தக் கடையில் இருந்தேன். பிற்காலத்தில் கவுண்டருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். எந்த மிருகம், எவ்வளவு தூரம், எந்தக் காலிபர் என்று வாடிக்கையாளர் நாள் முழுக்கப் பேசுவார், பேச விடுங்கள். அவர் தெரிவு செய்வது எப்போதும் முதல் தோட்டாவை மட்டும் மனதில் வைத்துத்தான். அது தவறும். தவறிய பிறகு, தோள் நோகாமல், கண் மூடாமல், இரண்டாவதைச் சுடக்கூடிய நிலையில் எந்த ரைபிள் அவரை வைத்திருக்குமோ, அதைக் கொடுங்கள்.